மம்பட்டியோடு கடலுக்குப் போன அத்தை

போன தைப் பொங்கலுக்கு நாங்கள் ஒரு கடற்கரையைத் தேடிக்கொண்டு போனோம். கடற்கரையைத் தேடினோம் என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். மேற்கே போனால் கடல் வரப்போகிறது, இதில் தேட என்ன இருக்கிறது? ஆனால் பொன்னானிக்கும் சாவக்காட்டுக்கும் நடுவில் இரண்டு நாள் அலைந்தும் அது எங்களுக்குக் கிடைக்கவில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வருசா வருசம் குடும்பமே தார்ப்பாய் கட்டித் தங்கின இடம் அது. என் பிள்ளைகளுக்கு அதைக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. என் வீட்டுக்காரர் இதற்கென்றே ஒரு கூடாரம் வரவழைத்திருந்தார். பையிலிருந்து உதறினால் பூசணிக்காய் மாதிரி எழுந்து நிற்கும், திரும்பப் பைக்குள் மட்டும் போகாது. சித்தப்பா மகன், என் தம்பி, அவன் குடும்பத்தோடு இன்னொரு காரில் வந்தான்.

"ஐஸ் கம்பெனி ஒண்ணு இருந்துதுங்க்கா. அதுக்குப் பின்னாலதான் நம்ம எடம்" என்றான் தம்பி.

எனக்கு ஐஸ் கம்பெனியே நினைவில்லை. விலா எலும்பு தெரியக் கவிழ்ந்து கிடந்த ஒரு பெரிய படகுதான் நினைவு. அதன் நிழலில் உட்கார்ந்து வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் தின்றிருக்கிறேன். கொச்சியில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் போட்டேன். "படகா? உனக்கென்ன கெனாக் கண்ட மாதிரி. ஆறு வந்து கடல்ல சேர்ற எடம்டி அது" என்றாள். அத்தை மகளைக் கேட்டால், சின்னதாக ஒரு பாலம் இருக்கும், அதைத் தாண்டினால் சவுக்குத் தோப்பு, இதுகூடவா மறந்துபோகும் என்று என்னையே திட்டினாள். நாலு பேருக்கு நாலு கடற்கரை. வழியில் டீக்கடைக்காரர் நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நிங்கள் பறயுந்நது ஏது கடப்புறமா?" என்றார். எந்தக் கடற்கரையைச் சொல்கிறோம் என்று எங்களுக்குத் தெரிந்தால் அவரிடம் ஏன் கேட்கப்போகிறோம்?

கார் நின்ற இடத்திலெல்லாம் என் மகள், "அம்மா, இதுதானா?" என்று கேட்டாள். இதுவாகவும் இருக்கலாம் என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. அத்தை இருந்திருந்தால் முதல் இடத்திலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி, "இதேதான்" என்று இறங்கியிருப்பாள்.

அத்தை என் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவள். பிறந்தது வேலந்தாவளத்துப் பக்கம் எங்கள் ஊரில். கட்டிக்கொடுத்தது கொல்லங்கோட்டுக்கு. அவளைப் புரிந்துகொள்ள ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும். ஒரு விசயம் இல்லை என்று அவள் முடிவு பண்ணிவிட்டால் அது இல்லை. அவ்வளவுதான். அப்புறம் அது எதிரே வந்து நின்று கையைக் காலை ஆட்டினாலும் அவள் கண்ணில் படாது.

அவள் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகும். நாமெல்லாம் ச்சே என்று எழுந்து விசிறியைத் தேடுவோம். அத்தை எழமாட்டாள். கறுத்துப்போன டிவியைப் பார்த்தபடியே, "இப்ப அந்த மருமவ சாவியக் குடுக்க மாட்டேன்னு நிப்பா பாரு" என்று கதையைச் சொல்லிக்கொண்டு போவாள். கரண்ட் வந்து பார்த்தால் அந்த மருமகள் சாவியைக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருப்பாள். "அது நடிப்பு" என்பாள் அத்தை.

முழங்கால் தேய்ந்துவிட்டது என்று டாக்டர் படம் எடுத்துக் காட்டினார். அத்தை அந்தப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இது யாரு காலோ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதற்கப்புறமும் இழுத்து இழுத்துத்தான் நடந்தாள். ஏன் இப்படி நடக்கிறீர்கள் என்றால், நடையே அப்படித்தான் என்பாள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி வேலித் தகராறில் இவளோடு பேச்சை நிறுத்தினாள். அத்தை மறுநாள் காலையில் வழக்கம்போல் அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, "காப்பித்தண்ணி போடு" என்றாள். அந்தம்மா பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வாரம் காப்பி போட்டுக் கொடுத்துப் பார்த்துவிட்டுச் சண்டையைக் கைவிட்டுவிட்டாள்.

இதெல்லாம் சிரிக்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு சுவர் எழும்பியபோதுதான் அத்தையின் இந்தக் குணத்துக்கு உண்மையான வேலை வந்தது.

அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்தார்கள். நிலத்தைப் பிரித்ததில் ஏதோ கிணற்றுப் பாதைத் தகராறு. அது வளர்ந்து வீடு வரைக்கும் வந்து ஆசாரம் என்கிற நடுக் கூடத்தில் குறுக்கே சுவர் வைத்துவிட்டார்கள். கிழக்கு வாசல் எங்களுக்கு, மேற்கு வாசல் சித்தப்பாவுக்கு. அன்றோடு அண்ணன் தம்பிக்குப் பேச்சு நின்றது. எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு அதில் பெரிய கஷ்டம் இல்லை. சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடினால் தம்பி வீடு. கஷ்டம் அத்தைக்குத்தான். எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பொறந்த ஊடு என்பது சாதாரண விசயமில்லை. பொங்கலுக்கும் நோம்பிக்கும் அவள் வரவேண்டும், அவள் வீட்டு நல்லது கெட்டதுக்கு அங்கிருந்து சீர் போகவேண்டும், கடைசியில் அவள் கண்ணை மூடினால் மேலே போர்த்துகிற கோடிச் சேலையும் அங்கிருந்துதான் போகவேண்டும். இப்போது அத்தை எந்த வாசலில் நுழைவாள்? கிழக்கே நுழைந்தால் சித்தப்பாவுக்கு அக்கா இல்லை. மேற்கே நுழைந்தால் அப்பாவுக்கு இல்லை.

அந்த வருசப் பொங்கலுக்கு அத்தை வந்தாள். இரண்டு வாசலும் தெரிகிற களத்திலேயே நின்றுகொண்டாள். இரண்டு வாசலிலும் இரண்டு தம்பிகளும், "உள்ள வாங்க்கா" என்று நிற்கிறார்கள். அத்தை பொதுவாகப் பார்த்து, "தாகமா இருக்குது. தண்ணி கொண்டாங்க" என்றாள். அம்மா ஒரு சொம்பு கொண்டுவந்தாள், சித்தி ஒரு சொம்பு கொண்டுவந்தாள். இரண்டையும் வாங்கிக் குடித்தாள். வயிறு நிறைந்து ஏப்பம் விட்டாள். "வாறேன்" என்று திரும்பிப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு அம்மாவும் சித்தியும் தங்கள் தங்கள் அடுப்படியில் அழுதது சுவருக்கு இரண்டு பக்கமும் கேட்டது.

மறு வருசம் மார்கழியிலேயே இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகச் சொல்லியனுப்பினாள். பூப்பறிக்கிற நோம்பிக்கு எல்லாரும் கடலுக்குப் போகிறோம், மூன்று நாள் தங்கல், அரிசி பருப்பு நான் கொண்டு வருகிறேன், வராதவர்கள் எனக்குத் தம்பியில்லை.

பூப்பறிக்கிற நோம்பி என்றால் பொங்கல் கழிந்து பெண்களும் பிள்ளைகளும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய், ஆவாரம்பூ பறித்து, கும்மியடித்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்புவது. அதற்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று மாமா கேட்டிருக்கிறார். "ஆத்துல தண்ணி இல்லீங்களே. அந்த ஆறு எங்க போகுதோ அங்க போலாம்" என்று அத்தை சொன்னாளாம். மாமா தேங்காய் ஏற்றுகிற மினி லாரியைக் கழுவப் போய்விட்டார்.

தம்பிமார் இருவரும் வந்தார்கள். அக்கா சொல்லைத் தட்டக்கூடாது என்று வந்தார்கள் என்று சொல்ல ஆசைதான். தான் போகாவிட்டால் இன்னொருவன் மட்டும் போய் நல்ல பேர் வாங்கிக்கொள்வானே என்கிற பயமும் பாதி. லாரியின் பின்னால் அப்பா ஒரு மூலை, சித்தப்பா எதிர் மூலை, நடுவில் நாங்களும் பாத்திரங்களும். முன்னால் மாமாவுக்குப் பக்கத்தில் அத்தை. கண்ணாடி வழியாகத் திரும்பித் திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

சாமான்களில் ஒரு மம்பட்டி இருந்தது. கடலுக்குப் போகிறவர்கள் யாராவது மம்பட்டி கொண்டுபோவார்களா? அத்தை கொண்டுவந்தாள். களத்து மேடு மாதிரிச் சமமாக இருக்கிறது என்று அலைக்குக் கிட்டத்திலேயே ஓர் இடத்தைக் காட்டித் தார்ப்பாயைக் கட்டச் சொன்னாள். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் ஓடி வந்து, "இவிடெ கிடக்கண்டா சேச்சீ, வேலியேற்றம் உண்டு" என்றார். இங்கே படுக்காதீர்கள், அலை ஏறி வரும் என்றார்.

"வரட்டும். மம்பட்டி இருக்குது" என்றாள் அத்தை.

அப்பா கையில் மம்பட்டியைக் கொடுத்தாள். தார்ப்பாயைச் சுற்றி வரப்புப் போடச் சொன்னாள். கடலுக்கு வரப்பு! அப்பா தலையில் அடித்துக்கொண்டு வெட்டினார். வெட்டிப் போட்ட மண்ணை யாராவது அணைத்து மிதிக்கவேண்டுமே. சித்தப்பா கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டு நின்றவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து மிதிக்க ஆரம்பித்தார். ஒருவர் வெட்ட ஒருவர் மிதிக்க, சின்ன வயதிலிருந்து வயலில் பழகின கைகாலாயிற்றே, வேலை தன்னால் போயிற்று. ஆனால் பேச்சு மட்டும் அத்தை வழியாகத்தான்.

"இன்னுஞ் சித்தெ எச்சா மண்ணு போடச் சொல்லுங்க்கா" என்பார் சித்தப்பா, ஒரு கை தூரத்தில் நிற்கும் அண்ணனைப் பற்றி.

"போதும்னு சொல்லுங்க்கா" என்பார் அப்பா.

அத்தை இரண்டையும் அப்படியே மாற்றி மாற்றிச் சொல்லுவாள். அவர்களுக்குள் பேச்சில்லை என்பதே அவளுக்குத் தெரியாத மாதிரி, ஏதோ காது மந்தமானவர்களுக்கு உதவி செய்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள்.

விடியற்காலையில் கடல் வரப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே வந்தது. பாய் நனைந்தது. பருப்புச் சட்டி மிதந்தது. சித்தியின் ஒற்றைச் செருப்பு போயே போய்விட்டது. எல்லாரும் அலறிக்கொண்டு எழுந்து ஓட, அத்தை கணுக்கால் தண்ணீரில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, "வரப்பு நல்லாத்தான் போட்டீங்க. மண்ணுதான் சரியில்ல" என்றாள். அப்பா சிரித்துவிட்டார். சித்தப்பாவும் சிரித்தார். ஒருவர் சிரிப்பதை ஒருவர் பார்த்ததும் இருவரும் நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்தடுத்த வருசங்களும் போனோம். ஒவ்வொரு முறையும் மம்பட்டி வந்தது, வரப்பு போட்டார்கள், கடல் கரைத்தது. வழிதான் மாறிக்கொண்டே இருந்தது. ஒருமுறை பட்டாம்பி வழி, ஒருமுறை திருச்சூர் வழி. "போன வருசம் இங்க ஒரு தென்ன மரம் சாஞ்சு நின்னுதே அத்தை" என்று நான் கேட்டிருக்கிறேன். "கடலு கொண்டுபோயிருச்சு கண்ணு. எடம் இதேதான்" என்றாள். போன வருசம் இல்லாத கல்சுவர் எப்படி வந்தது என்று அக்கா கேட்டாள். "கடலு கொண்டுபோகாமெ இருக்கக் கவருமெண்டு கட்டீருக்குது" என்றாள். எல்லாவற்றுக்கும் கடல் பொறுப்பு. நாங்களும் நம்பினோம். பிள்ளைகளுக்கு அது ஒரே இடம்தான். எங்களுடைய இடம். பாதி வீட்டில் வளர்ந்த எனக்கும் தம்பிக்கும் முழுசாக ஒரு வீடு இருந்தது என்றால் அந்தத் தார்ப்பாய்க்குக் கீழேதான். இன்றைக்கும் நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் போன் போடாமல் ஒரு வாரம் தாண்டுவதில்லை. அந்தப் புண்ணியம் அத்தைக்கே.

உண்மையில் அத்தை வருசத்துக்கு ஒரு கரைக்கு எங்களைக் கூட்டிப்போனாளா? வழி தெரியாமல் அப்படிச் செய்தாளா, தெரிந்தேவா? மாமாவிடமே கேட்டுவிட்டேன், இந்தத் தடவை திரும்பி வரும் வழியில் கொல்லங்கோட்டில் இறங்கி. அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை.

"நான் ஓட்டுனேன் சாமி. எடத்த அவ பாத்துக்குவா" என்றார்.

"எடம் மாறுச்சா இல்லீங்களா மாமா?"

"அவ எறங்கச் சொன்னா எறங்கீருவோம். அதுக்கு மேல நமக்கென்ன?"

நாற்பது வருசம் குடும்பம் நடத்தின மனுசருக்கே தெரியவில்லை என்றால் நான் எங்கே போவது?

அத்தையை ஒரேயடியாகக் கொண்டாடவும் எனக்கு மனசு வருவதில்லை. என் அக்கா, தன்னோடு வேலை பார்த்த மலையாளப் பையனைக் கட்டிக்கொண்டாள். அப்பா கொஞ்ச நாள் குதித்துவிட்டு அடங்கிவிட்டார். அத்தை குதிக்கவே இல்லை. அப்படி ஒருவன் இல்லை என்று முடிவு பண்ணிவிட்டாள். ஒரு கல்யாண மண்டபத்தில் அக்காவும் அவரும் அத்தையைப் பார்க்கப் போனார்கள். அவர் நல்ல மனுசர், குனிந்து காலைத் தொட்டார். அத்தை அவர் தலைக்கு மேலாக அக்காவைப் பார்த்து, "தனியாவா கண்ணு வந்தே? பஸ்ஸு கூட்டமா இருந்துதா?" என்று கேட்டாள். குனிந்தவர் நிமிர்ந்து என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்துக்கொண்டே நின்றார். நான் பக்கத்தில் இருந்தேன். எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. கடைசிவரை அத்தைக்கு என் அக்கா கல்யாணமாகாத பெண்தான்.

அக்கா அதை இன்னும் மறக்கவில்லை. இந்தத் தடவை போனிலும் சொன்னாள். "செவுரு அவ கண்ணுக்குத் தெரியலேன்னு எல்லாருங் கொண்டாடுனீங்க. என் ஊட்டுக்காரருந்தான் தெரியல. அதுக்கு என்னடி சொல்றே?" இரண்டும் ஒரே கண்தான். எதைக் கொண்டாடுவது, எதைக் கோபித்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கடைசியாகக் கடலுக்குப் போனது நான் காலேஜில் படிக்கும்போது. அந்த வருசம் சித்தப்பா லாரியில் ஏறவில்லை. சொந்தமாக ஒரு கார் வாங்கியிருந்தார். பின்னாலேயே அதில் வந்தார். வந்து இறங்கியதும் டிக்கியிலிருந்து ஒரு நீலக் கூடாரத்தை எடுத்து, எங்கள் தார்ப்பாயிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் தனியாக அடித்தார். சித்தி தனியாக அடுப்பு மூட்டினாள். அப்பா அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பாருங்க்கா. இதுக்குத்தான் நான் வரலீன்னு சொன்னேன்" என்றார்.

அத்தை பார்த்தாள். இரண்டு கூடாரங்களுக்கும் நடுவில் நின்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாள். "காத்துக்காக அக்கட்டால தள்ளி அடிச்சிருக்கறான்" என்றோ வேறெதுவோ சொல்லி அதை இல்லாமல் ஆக்கிவிடுவாள் என்று நான் காத்திருந்தேன். மம்பட்டியைக்கூட அவள் எடுக்கச் சொல்லவில்லை. அத்தையின் கண்ணுக்கு ஒன்று தெரிந்துவிட்டது என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தம்பிமார் இருவரையும் கூப்பிட்டாள். தன் பையிலிருந்து ஒரு சேலையை எடுத்தாள். அரக்கு நிறத்தில் மஞ்சள் கரை வைத்த புதுச் சேலை, கடைக் கவர்கூடப் பிரிக்காதது. கவரைப் பிரித்தாள்.

"இது என்னோட கோடி" என்றாள். "ரெண்டு பேருஞ் சேந்து புடிச்சு எனக்குக் குடுங்க."

யாருக்கும் முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அம்மா, "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சுப் பேசறீங்க நங்கையா" என்று தன் நாத்தனாரைப் பார்த்துப் பதறினாள். சித்தி அந்த அடுப்பிலிருந்து எழுந்து ஓடி வந்தாள். கட்டுக்கழுத்தியாக, உயிரோடு, பொங்கல் கழிந்த மறுநாள், பொங்கித் தின்ற கையோடு ஒருத்தி தன் சாவுச் சேலையைக் கேட்கிறாள். எங்களில் யாரும் அப்படி ஒரு பேச்சைக் கேட்டதே இல்லை.

அத்தை குரலை உயர்த்தவில்லை. "நாஞ் செத்தா நீயொண்ணு கொண்டாருவே, அவனொண்ணு கொண்டாருவான். மொதல்ல எத போடறதுன்னு அங்க நின்னு சண்ட கட்டுவீங்க. எனக்கு ரெண்டு பொறந்த ஊடு கெடையாது சாமிகளா. ஒண்ணுதான். நாங் கண்ணால பாத்துக்கறேன், இப்பவே குடுத்துருங்க."

அப்பா, "என்னக்கா இது" என்றார். சித்தப்பா கடலைப் பார்த்தபடி நின்றார். லாரி டயரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மாமா, கிளம்பியதிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தார். "குடுத்துருங்க மாப்ள. அவ கேட்டா கேட்டதுதான்."

அப்பா ஒரு முனையைப் பிடித்தார். ரொம்ப நேரம் கழித்துச் சித்தப்பா மறு முனையைப் பிடித்தார். அத்தை கையை எடுத்ததும் காற்று ஒரே தூக்காகத் தூக்கிச் சேலையை முழுசாகப் பிரித்துவிட்டது. பாய்மரம் மாதிரி அது இருவரையும் இழுத்தது. சித்தப்பா தடுமாறி மணலில் முட்டி போட்டார். நாங்கள் சின்னவர்கள் எங்களை அறியாமல் சிரித்துவிட்டோம். இனி அதை மடித்தால்தானே கொடுக்க முடியும்? சேலையை மடிக்கத் தெரியாத இரண்டு ஆம்பிளைகள் ஆளுக்கு ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டு, இழுத்து உதறி, கிட்டே வந்து முனையை முனையோடு சேர்த்து, விலகி, மறுபடி கிட்டே வந்தார்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் இருவர் கையும் தொட்டுக்கொண்டது. கோணல்மாணலாக ஒரு மூட்டை மாதிரி ஆன அதை இருவரும் சேர்ந்து நீட்டினார்கள். அத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அப்புறம் அவள் செய்ததுதான் எனக்கு இன்றும் விளங்காதது. லாரிக்குப் பின்னால் போனாள். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கோடிச் சேலையை! வந்து எல்லாருக்கும் கச்சாயம் எடுத்துக் கொடுத்தாள். நீலக் கூடாரத்துக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். "நல்லா இருக்குதா?" என்று என்னிடம் முந்தானையை விரித்துக் காட்டினாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நான் தலையை ஆட்டினேன்.

அடுத்த வருசம் சித்தப்பாவுக்கு வேலை, அப்பாவுக்கு அறுப்பு. அத்தை வற்புறுத்தவில்லை. அதற்கப்புறம் அவள் ஒரு தடவையும் கடலைப் பற்றிப் பேசினதாக எனக்கு நினைவில்லை. அந்த அரக்குச் சேலையை மட்டும் விடாமல் கட்டினாள். சந்தைக்கு, கோயிலுக்கு, மாட்டுக்குத் தண்ணி காட்ட. கரை பிய்ந்து, நிறம் போய், முழங்காலுக்கு நேரே ஒட்டுப் போட்டு, அதையே கட்டினாள்.

அவள் போய் நாலைந்து வருசம் இருக்கும். கடைசியில் மூச்சுத் திணறியபோதும் தனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாளாம். நாங்கள் கொல்லங்கோட்டுக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் சித்தப்பாவும் வந்தார். குளிப்பாட்டி முடித்துக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். முன்னின்று நடத்திய பெரியவர் வாசலைப் பார்த்து, "பொறந்த ஊட்டுக் கோடி கொண்டாங்க" என்றார்.

அப்பா எழுந்தார். சித்தப்பாவும் எழுந்தார். இருவர் கையிலும் ஜவுளிக்கடைப் பை. மூத்தவன் போடட்டும் என்று ஒருவர் சொன்னார். இரண்டையும் ஒன்றாகப் போடலாமே என்று இன்னொருவர் சொன்னார். அதற்குள் மாமா உள்ளேயிருந்து வந்தார். கையில் அந்த அரக்குச் சேலை, துவைத்து மடித்தது.

"கோடி வந்தாச்சுங்க. அண்ணந்தம்பி சேந்து எப்பவோ குடுத்துட்டாங்க" என்றார்.

"பழஞ்சேல எப்புடிங்க கோடியாகும்? ஒட்டுப் போட்டிருக்குது பாருங்க" என்று பெரியவர் தயங்கினார்.

"இதத்தான் போத்தோணும்னு சொல்லீட்டுப் போயிருக்கறா" என்றார் மாமா. அந்தக் கிழிந்த சேலையைத்தான் போர்த்தினார்கள். அத்தையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அன்று கொடுத்தது போதும் என்று அவள் நிறைவாகப் போனாளா? இனி நீங்கள் தனித்தனியாகக் கொண்டுவருவது எனக்கு வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் போனாளா? பாசத்தில் செய்தாளா, கோபத்தில் செய்தாளா? நான் எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். ஒரு நாள் இது சரி என்று தோன்றும், மறுநாள் அது சரி என்று தோன்றும்.

எல்லாம் முடிந்து வந்து கைகால் கழுவிய பிறகு ஆம்பிளைகள் பந்தலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் உட்காராமல் ஒரு பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் இன்னும் அந்தப் பை. சாவுக்கு எடுத்த சேலையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. கடைக்கும் கொடுக்க முடியாது. கட்டிக்கொள்ளவும் யாருக்கும் தைரியம் வராது. சித்தப்பா பந்தலின் மறு ஓரத்தில் தன் பையோடு நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் இங்குமங்கும் பார்த்தார். நடுவில் நின்று மாற்றி மாற்றிச் சொல்ல இப்போது ஆளில்லை. மெதுவாக நடந்து அப்பாவிடம் வந்தார்.

"அண்ணா, இத என்னுங்க பண்றது?"

அப்பா தன் பையைப் பார்த்தார். தம்பி கையிலிருந்த பையைப் பார்த்தார்.

"எனக்குந் தெரியலடா" என்றார்.